பாதியில் திரும்பிய துணை

நோபல் பார்க்,
மெல்பேர்ன்.
9-8-1978

தம்பி சிவபாலனுக்கு விமலாதேவி எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். நீர் சுகமாக இருக்கிறீர் என்பதை உம்முடைய கையெழுத்தே சொன்னது. முன்னையைவிட வடிவாக, ஆறுதலாக எழுதியிருக்கிறீர். சிட்னி ஹரிஸ் பார்க்கில் வீடு, ஸ்டேசனுக்கு நடந்து போகிற தூரம், நல்ல வேலை, இப்போது கலியாணப் பேச்சு. எல்லாம் வாசித்தேன். மெல்பேர்னை விட்டுப் போன பிறகு நீர் இந்த வீட்டுக்கு எழுதிய முதற்கடிதம் இது. அதுவும் இவருக்கு அல்ல, எனக்கு.

கடைசிப் பந்தியை மட்டும் பல தடவை வாசித்தேன். பெண்ணின் தாய் பவளம் அக்கா என்னை ரெலிபோனில் விசாரிப்பார், மலையில் நடந்ததைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டாம், உங்கள் வாயால் ஒரு நல்ல வார்த்தை போதும் என்று எழுதியிருக்கிறீர். அந்த ஒரு நல்ல வார்த்தையைத் தேடிப் பார்த்துக் களைத்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. நளாயினிக்கு ஒரே இருமல். பள்ளிக்கூட நாடகத்தில் அவளுக்குச் செம்மறியாட்டு வேஷம். அதற்காகப் பஞ்சு ஒட்டிய சட்டை ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறேன். முந்தி ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் கார் நின்றால் "சிவா அங்கிள்!" என்று ஓடுவாள். இப்போது ஓடுவதில்லை. ஏன் நீர் வருவதில்லை என்று அவள் இங்கிலிஷில் கேட்பாள், நான் தமிழில் ஏதாவது சொல்லி மழுப்புவேன். கேட்பதையும் இப்போது விட்டுவிட்டாள்.

உம்மை நான் அந்நியனாக நினைத்து எழுதவில்லை. எழுபத்தைந்தில் நீர் வந்து இறங்கியபோது உமக்கு மெல்பேர்னில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. ஒரு குளிர்காலம் முழுவதும் எங்கள் பின் அறையில் இருந்தீர். குசினியில் என் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துத் தருவீர். போன வருஷம் ஊரில் கலவரம் வந்து, அனுராதபுரத்தில் இருந்த உம்முடைய அம்மாவைப் பற்றி ஒரு செய்தியும் இல்லாமல் நீர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, இவர் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு ரெலிபோனடியில் உம்மோடு இருந்தார். அம்மா யாழ்ப்பாணம் வந்து சேர்ந்துவிட்டா என்று தந்தி வந்ததும் உம்மைவிட இவர்தான் பெரிதாக அழுதார். அதற்குப் பிறகு இரண்டு மாதம்தான். அந்த மலைக்குப் போனீர்கள்.

மலை ஏறும் விசர் இவருடையது. அதை நான் மறுக்கவில்லை. இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் காடு மேடெல்லாம் சங்கிலி பிடித்து அளந்த மனிதர். இங்கே அவரை ஒரு மேசைக்கு முன்னால் இருத்தி, நேற்று வந்த பொடியன்கள் அளந்துகொண்டு வரும் கோடுகளுக்கு மை போடச் சொன்னார்கள். எந்த ஊர்ச் சேவையர் என்று கேட்டு, பதில் கேட்காமலே போய்விடுவார்களாம். அப்படி மை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் பழைய வரைபடங்களில் அந்தக் கவுன்ரி எல்லைகளைக் கண்டார். விக்ரோரியா மாநிலம் முழுவதையும் அந்தக் காலத்தில், எங்கள் மாவட்டங்களைப் போல, கவுன்ரிகளாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், இப்போது அந்தப் பெயர்கள் காணி உறுதிகளில் மட்டும்தான் இருக்கின்றன, தான் எந்தக் கவுன்ரியில் படுத்து எழும்புகிறான் என்று இந்த ஊரில் ஒருத்தனுக்கும் தெரியாது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு ஒருநாள், மெல்பேர்னைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கவுன்ரியிலும் ஆக உயர்ந்த இடம் எதுவோ, அதில் ஏறி ஒருமுறை நிற்கப்போகிறேன் என்றார்.

நீர் முதலில் பகிடி பண்ணினீர். "அண்ணை, இது சம்பளம் இல்லாத சேவையர் வேலையெல்லோ" என்றீர். நான் கட்டிக்கொடுத்த றொட்டிக்கும் சம்பலுக்கும்தான் கூடப் போனீர். ஒரு கவுன்ரியில் ஆக உயர்ந்த இடம் மலையே இல்லை, ஒரு பண்ணைக்காரனின் ஆட்டுக் காணிக்குள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த மேடு. அவன் நாயையும் கொண்டு ஓடிவந்து, நீங்கள் அரசாங்கத்து ஆட்கள், காணியைப் பிடிக்க வந்திருக்கிறீர்கள் என்று கத்தினானாம். இவர் படத்தை விரித்து விஷயத்தை விளங்கப்படுத்தியதும் அவன் சிரித்து, தன் மனிசியைக் கூப்பிட்டு, தன் காணிதான் இந்தக் கவுன்ரிக்கே உச்சி என்று அவளுக்குச் சொல்லி, உங்கள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி தந்து அனுப்பினானாம். அந்தக் கதையை இந்த மேசையில் நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னீர்கள். நானும் சிரித்தேன்.

ஒருமுறை நானும் நளாயினியும் வந்தோம், கார் உச்சிவரை போகக்கூடிய ஒரு மலைக்கு. இவர் ஒரு கல்லில் ஏறி நின்று, "விமலா, இந்தக் கவுன்ரியில எனக்கு மேல இப்ப ஒருத்தரும் இல்லை" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு இவருடைய முகத்தைப் பார்த்த பிறகு, சனிக்கிழமைகளில் விடியமுன் எழும்பி றொட்டி சுடுவதற்கு நான் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

பிறகு இதைக் கேள்விப்பட்டு வாரப் பத்திரிகைக்காரன் ஒருவன் வந்தான். இப்படி ஒருவரும் முழுவதும் ஏறி முடித்ததாகத் தான் கேள்விப்படவில்லை, முடித்தால் படத்தோடு போடுவேன் என்று சொன்னான். அன்றிலிருந்து நீர் வேறு ஆள். அதுவரை மலைக்குப் போவதென்றால் இழுத்துக்கொண்டு போக வேண்டிய நீர், பிறகு இவரை இழுக்கத் தொடங்கினீர். மேடு ஒன்றும் மிச்சம் இருக்கக்கூடாது என்றீர். வேறு யாரும் முந்திவிடக்கூடாது என்றீர். இவருக்கு நாற்பத்தெட்டு, உமக்கு முப்பது என்பதை நீங்கள் இரண்டு பேருமே மறந்துபோனீர்கள்.

கடைசியாக மிஞ்சியது அந்தப் பனி மலை. அதன் பெயரை இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு மனமில்லை.

இனி அங்கே நடந்ததை எழுதுகிறேன். உமக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். ஆனால் எனக்கு எவ்வளவு தெரியும் என்பது உமக்குத் தெரியாது.

உச்சிக்குக் கிட்டப் போகும்போது பனிக்குள் கால் புதைந்து இவருடைய முழங்கால் பிரண்டது. ஒரு பாறையோடு சாய்ந்து இருந்தார். வெயில் இருந்தது. இவர் உம்மிடம் சொன்னது இது: "கொஞ்சம் பொறு சிவா. அரை மணித்தியாலம். முழங்காலைச் சுத்திக் கட்டிக்கொண்டு நானும் வாறன்." நீர் மணிக்கூட்டைப் பார்த்தீர். அடிவாரத்து ஹொட்டேலில் அந்தப் பத்திரிகைக்காரன் நாலு மணிவரைதான் நிற்பான். "அண்ணை, நான் ஓடிப் போட்டு வாறன், நீங்கள் இதிலையே இருங்கோ" என்றீர். இவர் திரும்பவும் "நில்லடா, நானும் வாறன்" என்றார். நீர் போய்விட்டீர். இரண்டு பேருடைய மழைக்கோட்டும் இருந்த பையும் உம்முடைய முதுகோடு போனது.

உச்சியில் இரண்டு வெள்ளைக்காரர் உம்மைப் படம் எடுத்தார்கள். அவர்கள் மற்றப் பக்கத்து இலகுவான பாதையால் இறங்கினார்கள், ஹொட்டேலுக்கு அதுதான் கிட்ட. நீரும் அவர்களோடு இறங்கிவிட்டீர். அண்ணை ஆறுதலாகக் காருக்குத் திரும்பியிருப்பார் என்று நினைத்தேன் என்று பொலிசுக்குச் சொன்னீர். இதிலேயே இருங்கோ என்று நீர் சொல்லிவிட்டுப் போன மனிதன் ஏன் காருக்குத் திரும்புகிறான், தம்பி?

இவர் இருந்தார். பனிப்புகார் மூடியது, மழையும் பனியும் சேர்ந்து அடித்தது. நீர் வரவில்லை. அப்போது இந்த மனிதர் என்ன நினைத்தார் தெரியுமா? உமக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தார். பிரண்ட முழங்காலோடு, மழைக்கோட்டும் இல்லாமல், உம்முடைய பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு மேலே ஏறினார். புகாருக்குள் வழி தெரியாமல் ஒரு பள்ளத்துக்குள் விழுந்து, அந்தக் காலின் எலும்பு முறிந்து வெளியே வந்தது. நீர் ஹொட்டேலில் சூப் குடித்துக்கொண்டு பத்திரிகைக்காரனுக்குக் கதை சொன்னபோது இவர் பள்ளத்துக்குள் கிடந்து உம்மைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் மத்தியானம்தான் கண்டுபிடித்தார்கள்.

எனக்கு நீர் ரெலிபோன் பண்ணவில்லை. வாசலில் பொலிஸ்காரன் வந்து நின்றான்.

ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு பொலிஸ்காரர் வாக்குமூலம் எடுக்க வந்தார்கள். நீரும் அங்கே நின்றீர், கட்டிலின் கால்மாட்டில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. இவர் சொன்னார், நான்தான் அவனைப் போகச் சொன்னனான், நான் காருக்குத் திரும்பிறன் எண்டு சொல்லிப்போட்டுப் பிறகு மனம் மாறி மேலே ஏறினது என்ரை பிழை என்று. நீர் குனிந்துகொண்டு நின்றீர். அந்த நேரத்தில் "இல்லை, அண்ணை நில் எண்டு சொன்னவர்" என்று ஒரு சொல் சொல்ல உமக்கு இடம் இருந்தது. பொலிஸ்காரன் எழுதி முடித்து, பேனையை மூடி, எழும்பும்வரைக்கும் இருந்தது. நீர் சொல்லவில்லை.

அந்த வாரமே பத்திரிகை வந்தது. ஒரு நேர்ஸ் சந்தோசமாகக் கொண்டுவந்து காட்டினாள், இது உங்கள் நண்பர் அல்லவா என்று. உச்சிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நீர் தனியாகச் சிரிக்கிற படம். கீழே, திரு. சிவபாலனோடு புறப்பட்ட துணை பாதியில் திரும்பிவிட்டார் என்று ஒரு வரி. பெயர்கூட இல்லை. இந்த யோசனையே யாருடையதோ, படத்தை விரித்து ஒவ்வொரு மேட்டையும் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் ஒரு துணை. பாதியில் திரும்பிவிட்டார்.

உண்மை எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பீர். காய்ச்சலில் இவர் புலம்பியது எல்லாம் "நில்லடா சிவா" என்பதுதான். வீட்டுக்கு வந்த பிறகு, காயத்துக்கு மருந்து கட்டும்போது நான் நேராகக் கேட்டேன். ஒரே ஒருமுறை, ஒன்றும் விடாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, இதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றார். ஏன் அவனைக் காப்பாற்றுகிறீர்கள் என்று நான் சண்டை பிடித்தேன். அப்போது சொன்னார்: "விமலா, அவன் என்னை விட்டிட்டுப் போனவன் எண்டு சொன்னா, நான் விட்டிட்டுப் போகக்கூடிய ஆள் எண்டெல்லோ வரும்?"

தம்பி, இவர் அந்தப் பொய்யை உமக்காகச் சொல்லவில்லை. தனக்காகச் சொல்கிறார். இந்த நாட்டில் இவருக்கு மிஞ்சியிருக்கிற மானம் அந்தப் பொய்யில்தான் நிற்கிறது. அதன் நிழலில் நீர் சிட்னிக்குப் போய்க் குடித்தனம் போடப் பார்க்கிறீர்.

இவர் இப்போது எப்படி என்று நீர் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். செயற்கைக் காலோடு, கைத்தடி பிடித்து, ரெயினில் கந்தோருக்குப் போய் வருகிறார். இங்கத்தைய சேவையர் பரீட்சையில் இவர் பாஸ் பண்ணியதும், வெளிவேலைக்கு அனுப்புவோம் என்று கந்தோரில் சொல்லியிருந்ததும் உமக்குத் தெரியும். அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். இவர் பழைய மேசையில், பழைய கதிரையில், மற்றவர்கள் நடந்து அளந்துகொண்டு வரும் கோடுகளுக்கு மை போடுகிறார். கோபம் இல்லை. கோபம் வந்தால் நல்லது என்று நான் காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், சிவாவுக்குச் சிட்னியில் நல்ல வேலை என்று சொல்கிறார், தம்பியைப் பற்றித் தமையன் சொல்வதுபோல.

போன ஞாயிற்றுக்கிழமை பவளம் அக்கா ரெலிபோன் எடுத்தா. இவர்தான் பேசினார். தங்கமான பொடியன், கண்ணை மூடிக்கொண்டு குடுங்கோ என்றார். நான் குசினிக் கதவடியில் நின்று கேட்டேன். அவவுக்கு அது போதவில்லை. மலையில் யாரையோ விட்டுவிட்டு வந்தவராம் என்று சிட்னியில் யாரோ காதில் போட்டிருக்கிறார்கள் போல. தங்கச்சியோடு பேச வேண்டும், இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறா. பெண்ணைப் பெற்றவ கேட்பதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற காலத்தில் நானும் இப்படி ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்பேன். அவள் எனக்கு மழுப்பினால் நான் அவளைச் சபிப்பேன்.

எனக்குக் கலியாணம் குழப்புகிற எண்ணம் இல்லை. அந்தப் பிள்ளை சந்திரகலா என்ன பாவம் செய்தது? ஆனால் பொய் சொல்லவும் மாட்டேன். ஆகவே உம்மிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அந்த ஞாயிறுக்கு முன்னால் நீரே போய் அவர்களுக்குச் சொல்லும். அண்ணை நில் என்று சொல்ல நான் நிற்காமல் போனேன், அவருடைய மழைக்கோட்டையும் கொண்டு போனேன், பிறகு கட்டிலடியில் நின்றும் வாய் திறக்கவில்லை என்று சொல்லும். அதைக் கேட்டுவிட்டும் அவர்கள் பெண் தந்தால், நீர் கேட்ட அந்த நல்ல வார்த்தையை நான் மனம் நிறைந்து சொல்வேன். முப்பது வயதில் ஒருவன் பயத்திலோ ஆசையிலோ செய்த பிழையை நான் மன்னிக்கக்கூடும். அதன் மேல் வீடு கட்டுவதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இதை நான் எழுதுவது இவருக்குத் தெரியாது. பதில் எழுதவேண்டியதில்லை. செய்தால் போதும்.

விமலாதேவி.


நோபல் பார்க்,
மெல்பேர்ன்.
22-8-1978

தம்பி சிவபாலனுக்கு,

பவளம் அக்கா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் எடுத்தா. என்ன பேசினோம் என்பது இதற்குள் உமக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் என் பக்கத்தை நீர் அறிந்துகொள்ள வேண்டும்.

மணி அடித்ததும் நானே எடுத்தேன். இவர் சாப்பாட்டு மேசையில் நளாயினிக்கு ஆட்டுச் செவி வெட்டிக்கொண்டிருந்தார், கடதாசியில். சொல்லவேண்டியதை எல்லாம் நான் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவ என்னைப் பேசவே விடவில்லை.

"தங்கச்சி, இனி உங்களைக் கரைச்சல்படுத்த ஒண்டும் இல்லை. தம்பி தானாவே வந்து எல்லாத்தையும் சொல்லிப்போட்டார்" என்றா. எனக்கு ஒருகணம் கண் நிறைந்துவிட்டது, தம்பி. உம்மை நான் பிழையாக எடைபோட்டுவிட்டேன் என்று வெட்கப்பட்டேன்.

அவ தொடர்ந்து சொன்னா. "வரதராஜா அண்ணை போ போ எண்டு கலைச்சவராம். தம்பிக்கு விட்டிட்டுப் போக மனமே இல்லையாம். இண்டைக்கும் அதை நினைச்சா நித்திரை இல்லை எண்டு எங்கட வீட்டுக் கதிரையில இருந்து அழுதவர். இந்தக் காலத்தில இப்பிடி மனச்சாட்சி உள்ள பொடியன் எங்க கிடைக்கும் சொல்லுங்கோ!"

ஆக, நான் எழுதியது உமக்குப் பிரயோசனப்பட்டிருக்கிறது. ஒளித்துவைத்தால் ஆபத்து என்று விளங்கிக்கொண்டு, இவருடைய பொய்யை எடுத்து, அதில் உம்முடைய கண்ணீரைக் கொஞ்சம் விட்டு, அவர்கள் முன்னால் வைத்துவிட்டீர். பொய்யும் போகவில்லை, மனச்சாட்சி உள்ளவன் என்ற பெயரும் கிடைத்தது. பத்திரிகைப் படத்தைவிட இது பெரிய உச்சி.

பிறகு அவ கேட்டா: "அப்பிடித்தானே நடந்தது, தங்கச்சி?"

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். இவருக்கு அந்தப் பக்கத்துப் பேச்சுக் கேட்கவில்லை, ஆனால் விஷயம் விளங்கியிருந்தது. கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இவருடன் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன். வேலை இல்லாத நாட்களில் பார்த்திருக்கிறேன், காலை எடுக்கக் கொண்டுபோன அன்றைக்கும் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் கண்டதில்லை. பள்ளத்துக்குள் கிடந்தபோது இவர் யாரைப் பார்த்தாரோ தெரியாது. இப்போது என்னைப் பார்த்தார். நானும் விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்று பார்த்தார்.

"ஓம் அக்கா" என்றேன். "அப்பிடித்தான். இவர்தான் போகச் சொன்னவர்."

பொய் சொல்ல மாட்டேன் என்று உமக்கு எழுதினேன். சொல்லிவிட்டேன். உமக்காக அல்ல. ஆனால் பலன் உமக்குத்தான். ஒரு தாய் நம்பிக் கேட்டா, அவவுக்கு நான் மழுப்பினேன். இனிமேல் உம்மைப் பற்றி என்ன சொன்னாலும் அதில் நானும் பங்காளி. இதற்குமுன் எனக்கு உம்மில் கோபம் மட்டும்தான் இருந்தது. கோபத்தில் ஒரு சுத்தம் இருக்கிறது. அதையும் நீர் கொண்டுபோய்விட்டீர்.

இவருக்கு நேற்றிலிருந்து ஒரே உற்சாகம். சிட்னி ரெயினுக்கு இடம் பதியச் சொல்கிறார். கலியாணத்துக்குப் போட ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டு வேட்டியை எடுத்து வெயிலில் போடச் சொன்னார். பிறகு, வேட்டி கட்டினால் கால் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ, கோட்டும் சூட்டும் போதும் என்றார். இவரைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது. ஆகவே நானும் வருவேன். கடைசி வரிசையில் இருப்பேன். பெண்ணும் மாப்பிள்ளையுமாகப் பெரியவர்களின் காலில் விழுந்து கும்பிடும் நேரத்தில் என் பக்கம் வர வேண்டாம். இவரிடம் போம். இவர் உம்முடைய தலையில் கை வைத்து மனம் நிறைந்து ஆசீர்வதிப்பார், அதை வாங்கிக்கொள்ளும். சபையில் இவர் எழும்பி, நான்தான் இவனைப் போகச் சொன்னனான் என்று அந்தக் கதையைச் சொன்னாலும் சொல்வார். அப்போதும் குனிந்துகொண்டே நில்லும். உமக்குப் பழக்கம்தானே.

இன்னும் ஒன்று. ரெலிபோனை வைக்கப்போகும் நேரம் பவளம் அக்கா பெண்ணிடம் கொடுத்தா. நல்ல மெல்லிய குரல். "அன்ரி" என்றுதான் கூப்பிட்டாள், அவ்வளவு சின்னப்பிள்ளை போல. "அவருக்கு மலை ஏறுறது நல்ல விருப்பமாம் அன்ரி. கலியாணம் முடிய இங்க சிட்னியைச் சுத்தியுள்ள கவுன்ரி எல்லாத்திலையும் ஏறுவம், நீரும் வாரும் எண்டு சொல்லியிருக்கிறார். எனக்கு நடந்து பழக்கமில்லை, பயமாயிருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள்.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல், பிள்ளை குட்டியோடு நீடூழி வாழுங்கள். இதை நான் கடமைக்கு எழுதவில்லை. அவளை நினைத்து எழுதுகிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போம். எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் ஏறும். ஆனால் அந்தப் பிள்ளை வழியில் எங்கேயாவது களைத்து இருந்து, "கொஞ்சம் பொறுங்கோ, நானும் வாறன்" என்று சொன்னால், என்ன அவசரம் இருந்தாலும், யார் எங்கே காத்துக்கொண்டு நின்றாலும், பொறும் தம்பி.

அக்கா,
விமலாதேவி வரதராஜா.